திரையும் அட்டையும்

இலக்கியம் பேச வந்த இடத்தில் கணினிக் கடைச் சரக்கைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர், மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர், கல்லூரியில் படிக்கும் தம் மகனுக்காக ஒரு கேள்வியோடு வந்தார். பையனிடம் இருப்பது 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 என்னும் கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கும் மூத்த ஒரு மானிட்டர். கையிலிருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும். பையன் கார்டு வேண்டும் என்கிறான். தந்தைக்கோ, அந்த மானிட்டரில் தாமும் இரவில் மெய்ப்புப் பார்ப்பதால், அதன் மேல் ஒரு கண். எதை மாற்றுவது?

பதில் சொல்லப் புகுந்த நாம் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டோம். (எந்தக் கேள்விக்கும் முதற்சங்க காலத்திலிருந்து விடை தொடங்குவது நம் குழுவின் பழைய வழக்கம்.)

நம் வீடுகளில் பிக்சர் டியூப் என்று வழங்கிய கண்ணாடிக் குழாயின் மூதாதையை 1897-இல் உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். மின்னோட்டம் அலைவதைக் கண்ணால் காண்பதற்கே அவர் அதைச் செய்தார். 1958-இல் நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர் நாளில் வருகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாமலிருக்க, வில்லியம் ஹிகின்பாதம் அத்தகைய அலைகாட்டியொன்றின் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை ஆடவிட்டார். 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியின் வட்டத்திரையில் விண்கலங்களை மோதவிட்டார்கள். வரைவது ஒரு பொருள், காட்டுவது இன்னொரு பொருள், இரண்டையும் தனித்தனியே விலை பேசி வாங்க வேண்டும் என்ற நிலை அப்போது எவருக்கும் இல்லை.

அந்தப் பிரிவினை 1981-இல் ஐபிஎம் தனிக்கணினியோடு வீட்டுக்குள் வந்தது. வாங்குபவர் முன் இரண்டு கார்டுகள் இருந்தன. ஒன்று எழுத்துகளை மட்டும், ஆனால் மிகக் கூர்மையாகக் காட்டும். அதற்கென்றே பச்சை எழுத்து மானிட்டர் ஒன்று. மற்றது 320-க்கு 200 புள்ளிகளில் நான்கு வண்ணங்கள் தரும். அதில் எழுத்துகள் கரடுமுரடாய்த் தெரியும். படிப்பவருக்கு ஒன்று, விளையாடுபவருக்கு ஒன்று. நண்பரின் வீட்டு வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம். 1987-இல் வந்த விஜிஏ 640-க்கு 480 என்ற அளவில் இருதரப்பையும் ஒருவாறு சமாதானம் செய்து வைத்தது.

இந்தக் கார்டுகள் எவையும் முப்பரிமாணக் காட்சியைத் தாமாகக் கணக்கிட்டு வரைந்தவை அல்ல. கணக்கெல்லாம் மையச் செயலியின் தலையில். கார்டு வெறும் எடுபிடி. 1993-இல் உலகை ஆட்டிவைத்த 'டூம்' ஆட்டத்தின் சுவர்களும் அரக்கர்களும் அப்படியே தீட்டப்பட்டன. முப்பரிமாணத்துக்கென்றே பிறந்த சில்லுகள் அக்காலத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த இயந்திரங்களில் இருந்தன. அவை திரைப்பட நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியவை. அந்நிறுவனத்திலிருந்து வந்த ராஸ் ஸ்மித், ஸ்காட் செல்லர்ஸ், கேரி டரோலி ஆகிய மூவரும் 1994-இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1996-இல் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தபோது, கேளிக்கை அரங்குகளுக்கென்று எண்ணியிருந்த சரக்கைச் சாமானியர் வீட்டுக்கே கொண்டுசெல்லலாம் என்று அவர்களுக்குத் தோன்றிற்று. அப்படி வந்ததுதான் வூடூ.

விந்தையான கார்டு அது. நான்கு மெகாபைட் நினைவகம். சாதாரண இருபரிமாணக் காட்சியை அதற்குக் காட்டவே தெரியாது. ஆகவே பழைய கார்டையும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கேபிளை வூடூவுக்கும், வூடூவிலிருந்து இன்னொன்றை மானிட்டருக்கும் இணைக்க வேண்டும். ஆர்க்கிட் நிறுவனம் விற்ற வகையில், ஆட்டம் தொடங்கும் கணத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். காட்சியைப் பழைய கார்டிடமிருந்து புதியதற்கு மாற்றும் ரிலேயின் ஓசை அது. அதன்பின் 'குவேக்' ஆட்டத்தின் கற்சுவர்கள் சதுரம் சதுரமாய் உடையாமல் வழவழவென்று எழுந்து வரும். அந்த ஓசையை இன்றும் நினைவு கூர்பவர்கள் உண்டு. திரைச்சீலை விலகுமுன் கூத்துமேடையில் விழும் முதல் மத்தளத்தட்டுக்கு நிகர் அது என்றால் மிகையாகாது.

1998-இல் வூடூ2. இரண்டு கார்டுகளை ஒன்றாய் மாட்டினால் திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். இருவர் மாறி மாறிப் பாய் முடைவது போல. அதே ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸ் தன் அழிவுக்கான முடிவையும் எடுத்தது. அதுவரை சில்லை மட்டும் செய்து, அதைக் கார்டாக்கும் வேலையைப் பல நிறுவனங்களிடம் விட்டிருந்தார்கள். இனி கார்டையும் நாமே செய்வோம் என்று எஸ்டிபி என்ற நிறுவனத்தை வாங்கினார்கள். விளைவு, நேற்றுவரை தம் சில்லை வாங்கியவர்கள் எல்லாம் ஒரே இரவில் போட்டியாளர்கள் ஆனார்கள். வேறு சில்லைத் தேடிப் போனார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த வாசல் என்விடியாவினுடையது. 1993-இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் மூவரும் ஒரு சாலையோர உணவகத்தில் அமர்ந்து திட்டமிட்ட நிறுவனம். அவர்களுடைய முதற்சில்லு (1995) வளைபரப்புகளைக் கொண்டு உருவங்களை அமைத்தது. மைக்ரோசாஃப்டோ முக்கோணங்களின் பக்கம் நின்றது. நிறுவனம் மூழ்கும் தறுவாயில், செகா நிறுவனம் ஒப்பந்தம் நிறைவேறாத நிலையிலும் தந்த பணத்தில் பிழைத்து, 1997-இல் ரிவா 128-ஐக் கொண்டுவந்தது. 1999-இல் ஜிஃபோர்ஸ் 256. ஜிபியு என்ற பெயரை விளம்பரப் பலகையில் ஏற்றியது அதுவே. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் உடைமைகளை என்விடியா வாங்கிற்று. கனடாவின் ஏடிஐ மட்டும் எதிர்த்து நின்று, 2006-இல் ஏஎம்டியின் கைக்குப் போனது. இருபதுக்கும் மேற்பட்ட சில்லு நிறுவனங்கள் ஆடிய களத்தில் மிஞ்சியவை இரண்டு என்பது குறிப்பிடத்தக்கது. (இன்டெல் 2022-இல் மீண்டும் களமிறங்கியதைத் தனியே சொல்ல வேண்டும்.)

இனித் திரைக்கு வருவோம். இங்கேதான் நமக்கு வியப்பு மிகுதி.

1888-இல் பிராகா நகரில் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், காரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடேற்றியபோது அதற்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 145 பாகை செல்சியஸ் அளவில் உருகிக் கலங்கலாகிறது. 178 அளவில் தெளிகிறது. இடையில் அது திண்மமும் அல்ல, முழுத் திரவமும் அல்ல. அந்தத் திரவப் படிகங்களை மின்சாரத்தால் ஆட்டிக் காட்சி வரையலாம் என்று 1968-இல் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு அறிவித்தது. 1970-இல் சுவிட்சர்லாந்தில் ஷாட்டும் ஹெல்ஃபிரிக்கும் அதை முறுக்கி அடுக்கும் வழியைக் கண்டார்கள். இன்று கடையில் 'டிஎன் பேனல்' என்று சொல்லப்படுவது அந்த முறுக்கின் பேரன். பக்கவாட்டில் பார்த்தாலும் வண்ணம் மாறாத ஐபிஎஸ் பின்னால் ஜப்பானில் வளர்ந்தது.

2000-களின் நடுவில் தட்டைத் திரைகள் பிக்சர் டியூபை வீழ்த்தின. மேசை காலியாயிற்று, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒன்றை இழந்ததைப் பலர் அறியவில்லை. பிக்சர் டியூபில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துவிடும், மின்மினிபோல. எல்.சி.டி.யில் ஒரு படம் அடுத்தது வரும்வரை அசையாமல் நிற்கும். ஓடும் உருவத்தைத் தொடரும் நம் கண்ணோ நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்கும் படத்தின் மேல் நகரும் கண். ஆகவே படம் விழித்திரையில் இழுபட்டு மங்குகிறது. 1996-இன் கனத்த குழாய் காட்டிய தெளிந்த அசைவை 2006-இன் மெல்லிய திரையால் காட்ட இயலவில்லை. முன்னேற்றம் என்று பெயர் சூட்டப்பட்ட பலவற்றிலும் இத்தகைய கள்ளக்கணக்கு ஒன்று ஒளிந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

மாத்திரை என்னும் கால அளவைத் தொல்காப்பியர் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தார். ஒரு கண்ணிமைப்பை வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 60 ஹெர்ட்ஸ் திரை 12 படங்களைக் காட்டிவிடும். 144 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 29. முன்னதில் ஒரு படம் 16.67 மில்லி வினாடி நிற்கிறது, பின்னதில் 6.94. நிற்கும் நேரம் குறையக் குறைய மங்கலும் குறையும். 2009-இல் 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் வந்தது இதற்காக அல்ல. கண்ணாடி அணிந்து முப்பரிமாணமாய் விளையாட. கண்ணாடிகள் இழுப்பறைக்குள் போயின. வேகம் மட்டும் நிலைத்தது.

இன்னொரு பிணக்கும் இருந்தது. திரை தாளம் தப்பாமல் படம் கேட்கும். கார்டோ காட்சி எளிதானால் விரைந்தும் கடினமானால் தாமதித்தும் தரும். பாதி வரையப்பட்ட நேரத்தில் புதுப்படம் நுழைந்தால் திரை குறுக்கே கிழிந்தது போலத் தோன்றும். 2013-இல் என்விடியா ஜி-சிங்க் என்ற பெயரில், கார்டு தரும்போது திரை மாறட்டும் என்று தாளத்தையே பாடகனுக்கு ஏற்ப வளைத்தது. ஆனால் அதற்கு மானிட்டருக்குள் அவர்களுடைய தனிச்சில்லு வேண்டும். அவர்களுடைய கார்டும் வேண்டும். 2014-இல் வெசா அமைப்பு அதே வித்தையைப் பொதுத்தரமாக்கியது; ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்று ஏற்றது. 2019 ஜனவரியில் என்விடியாவும் பொதுத்தரத்துக்கு வழிவிட்டது. எல்லாவற்றையும் தன்னோடு பிணைக்க நினைத்த 3டிஎஃப்எக்ஸ் மாண்டது. என்விடியா தக்க தருணத்தில் கயிற்றைத் தளர்த்திற்று.

கார்டின் விலை வரலாறு துயரமானது, விரைந்து கடப்போம். 2012-இல் அலெக்ஸ்நெட் என்னும் நரம்பணு வலை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகளில் பயிற்றப்பட்டு வென்றதிலிருந்து, விளையாட்டுப் பிள்ளைகளின் பொருள் ஆய்வாளர்களின் பொருளாயிற்று. பிறகு மின்நாணயச் சுரங்கக்காரர்கள். 2020 முதல் ஈராண்டுகள் கார்டுகள் கடைக்கு வருமுன் மறைந்தன. 2022 செப்டம்பரில் எதீரியம் சுரங்க முறையைக் கைவிட்டது. இரண்டு மாதத்தில் சாட்ஜிபிடி வந்து செயற்கை அறிவின் பசி தொடங்கிற்று. வூடூ 300 டாலர் அளவில் விற்றது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் அறிவிப்பு விலை 1999 டாலர், அது குடிக்கும் மின்சாரம் 575 வாட். அட்டை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நண்பருக்கு நாம் சொன்னது இதுதான். கார்டு நான்கைந்து ஆண்டில் கிழடாகும். மானிட்டர் பத்தாண்டு உழைக்கும். பழைய 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் புதுக்கார்டு வாங்கினால் அது வரையும் மிச்சப் படங்கள் வீணே. ஆகவே முதலில் திரை. ஆனால் ஆசைப்பட்டு 4கே வேண்டாம்: 1920-க்கு 1080 என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் சுமார் 83 லட்சம், நான்கு மடங்கு சுமையை அந்த 1060 தாங்காது. 24 அங்குலம், ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ், பொதுத்தரத்து அடாப்டிவ் சிங்க். ஜிஃபோர்ஸ் 10 வரிசையும் அதை ஏற்கும், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டும். பையன் இரண்டு நாள் பேசவில்லையாம்.

வாங்கி வந்தார்கள். பெட்டிக்குள் இருந்ததோ எச்டிஎம்ஐ கேபிள். மறுபடி ரிச்சி தெருவுக்கு ஒரு நடை. கேபிள் மாற்றிய பின்னும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று பையன் நம்மைத் தொலைபேசியில் கடிந்துகொண்டான். விண்டோஸ் அமைப்பில் 60 என்றே இருந்தது. 144 என்று மாற்றச் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பின்பு தந்தையைக் கூப்பிடும் குரல் கேட்டது. நண்பர் மெய்ப்புக் கோப்பொன்றைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். ஓடும்போதே ஒற்றும் புள்ளியும் தெரிகின்றன என்றார். இப்போது இரவு பத்து மணிக்குமேல் அந்த மேசை யாருக்கு என்பதில்தான் வீட்டில் வழக்கு.