மண் கிண்ணத்துத் திராட்சை

அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) பக்தாதில் வீற்றிருந்தபடியே குவாரிஸ்ம் நாட்டு முலாம்பழத்தைச் சுவைத்தார். குவாரிஸ்ம், ஆமு நதி ஆரல் கடலை நோக்கிப் பாயும் சமவெளி. அங்கிருந்து பக்தாதுக்கு ஒட்டகப் பாதையில் பல வாரப் பயணம். ஈயப் பாத்திரங்களில் பனியைக் கெட்டித்து, அதனுள் பழத்தைப் பொதிந்து அனுப்பினார்கள் என்றும், பழுதின்றி வந்து சேர்ந்த ஒரு பழத்தின் மதிப்பு 700 திர்ஹமை எட்டியது என்றும் நீஷாப்பூர் அறிஞர் தஆலிபீ (மறைவு 1038) எழுதியிருக்கிறார்.

மன்னர்களின் பழ ஆசையைப் பற்றி வரலாற்று நூல்களில் செய்திகளுக்குக் குறைவில்லை. முகலாயப் பேரரசை நிறுவிய பாபர், தமக்குக் கொண்டுவரப்பட்ட முலாம்பழம் ஒன்றை அறுத்து உண்டபோது கண்ணீர் வடித்ததை 1529-இல் தாமே எழுதிவைத்தார். படிக்க உருக்கமான பகுதிதான். ஆயினும், அந்தப் பழத்தை விளைவித்த ஊரில், அதைத் தன் வீட்டுக்குள் மாதக்கணக்கில் வாடாமல் வைத்திருந்த குடும்பத்தின் திறமையைப் பற்றி அரண்மனை வரலாற்றாசிரியர்கள் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். பனியும் ஈயமும் ஒட்டகமும் இல்லாத அந்த எளிய மக்கள் கண்ட வழிகளோ அரண்மனை வழியைவிட மலிவானவை. பல வேளைகளில் அதனினும் உறுதியானவை.

குவாரிஸ்ம் மக்களையே எடுத்துக்கொள்வோம். 1333-ஆம் ஆண்டளவில் அங்குச் சென்ற இப்னு பதூதா, முலாம்பழத்தைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, நாணற் கூடைகளில் அடுக்கி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்புவதைக் கண்டு வியந்தார். பின்னர் டெல்லியில் இருந்த காலத்தில் அந்த வற்றலைத் தேடி வாங்கி உண்டதாகவும் கூறுகிறார். (நம் மதுரை வரை வந்து சென்ற இந்தப் பயணி, மாங்காயை உப்பிலிட்டு ஊறுகாயாக்கும் இந்திய வழக்கத்தையும் தவறாமல் குறித்திருக்கிறார். தம் நாட்டில் எலுமிச்சையை இவ்வாறே பதப்படுத்துவார்கள் என்பது அவர் ஒப்பீடு.) வற்றலும் ஊறுகாயும் ஒருபுறம் இருக்க, பறித்த பழத்தைப் பறித்தபடியே காப்பதிலும் அந்த வட்டாரத்தார் வல்லவர்கள். பிந்திப் பழுக்கும் தடித்த தோல் முலாம்பழங்களை நாணற் பின்னலில் கட்டி, இருண்ட மண்வீட்டு உத்தரத்தில் ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிடுவது உஸ்பெக் கிராமங்களின் வழக்கம். தரையில் கிடத்தினால் பழத்தின் பாரமே அதன் அடிப்புறத்தை நசுக்கி அழுகச் செய்துவிடும். நம் பாட்டிமார் உறி கட்டியதை நினைவுகூர்வோருக்கு இதன் நுட்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்துறை ஏட்டறிவாக மலர்ந்த இடம் ஸ்பெயின். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஷ்பீலியாவில், அதாவது இன்றைய செவில் நகரில், வாழ்ந்த இப்னுல் அவ்வாம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் பெரும் வேளாண் நூலை எழுதினார். கிரேக்கர், நபத்தியர், அந்தலுஸ் அறிஞர் ஆகிய முத்திறத்தார் கூற்றுகளையும் திரட்டித் தம் பட்டறிவோடு பொருத்திப் பார்த்தவர் அவர். தானியங்களையும் கனிகளையும் சேமித்துவைக்கும் முறைகளுக்கும் அந்நூலில் இடமளித்திருக்கிறார். நிலத்தை உழுவது எவ்வளவு கல்வியோ, விளைந்ததை வீணாக்காமல் வைத்திருப்பதும் அவ்வளவு கல்வி என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1802-இல் பங்கேரி என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் அரபு மூலத்தையும் ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் மத்ரீதில் சேர்த்து அச்சேற்றிய பிறகே ஐரோப்பியர் பலருக்கு அந்நூல் அறிமுகமாயிற்று.

அதே தென் ஸ்பெயினில், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், காதிஸ் நகரில் பிறந்தவர் ரோமானிய வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா. மாதுளம்பழத்தின் மேல் நன்கு பிசைந்த குயவர் களிமண்ணைப் பூசி உலர வைத்துத் தொங்கவிட்டு, வேண்டும்போது நீரில் அமிழ்த்தி மண்ணைக் கரைத்து எடுக்கலாம் என்பது அவர் நூலில் காணும் ஒரு முறை. இச்செய்திகளை அவர் எழுதியது பண்ணைத் தலைவனுக்குரிய பகுதியில் அன்று. பண்ணையை மேற்பார்ப்பவனின் மனைவிக்குரிய கடமைகளைச் சொல்லும் பன்னிரண்டாம் புத்தகத்தில். சேமிப்புக் கலை யாருடைய கையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

களிமண் முறை இன்றும் உயிரோடு இருக்கும் நாடு ஆப்கானிஸ்தான். அங்கு அதற்குக் ‘கங்கினா’ என்று பெயர். காபூலுக்கு வடக்கே விரிந்துகிடக்கும் ஷமாலிச் சமவெளி திராட்சைக்குப் பேர்பெற்ற பூமி. அறுவடைக் காலத்தில் களிமண்ணோடு வைக்கோல் துணுக்குகளைச் சேர்த்துக் குழைத்து, ஆழமில்லாத கிண்ணங்களாக வனைந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு கிலோ திராட்சையை வைத்து, மற்றொன்றை அதன்மேல் கவிழ்த்து, விளிம்பை ஈர மண்ணால் பூசி அடைத்துவிடுகிறார்கள். பிறகு குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத அறையில் அடுக்குகிறார்கள். ஐந்து, ஆறு மாதங்கள் கழித்து உடைத்தால் உள்ளே உலர்திராட்சை இல்லை. சாறு நிறைந்த பச்சைத் திராட்சையே இருக்கிறது!

எல்லாத் திராட்சையும் இதற்கு ஒத்துவராது. பருவத்தின் கடைசியில் பழுக்கும் ‘தாயிஃபி’ போன்ற தடித்த தோல் வகைகளே ஏற்றவை. வெடித்த பழமோ நசுங்கிய பழமோ ஒன்று உள்ளே சென்றாலும் கிண்ணம் முழுவதும் பாழ். ஆகவே கொத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழிப்பதே இதில் பெரும் உழைப்பு.

இதன் காரணத்தை விஞ்ஞானம் தாமதமாகத்தான் கண்டறிந்தது. பறித்த கனியும் மூச்சுவிடுகிறது. பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்பதை 1821-இல் பிரெஞ்சு அறிஞர் பெரார் வெளியிட்டார். 1927-இல் இங்கிலாந்தின் கிட், வெஸ்ட் என்னும் இருவர், காற்றில் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் ஆப்பிள் நெடுநாள் கெடாது என்று அறிக்கை தந்தனர். இன்றைய பெரும் பழக் கிடங்குகள் இந்த அடிப்படையில் இயங்குகின்றன. மண் கிண்ணத்துள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. அடைபட்ட திராட்சை தன் மூச்சாலேயே உள்காற்றை மாற்றித் தன் மூப்பைத் தாமதப்படுத்திக்கொள்கிறது. மிகுந்த ஈரத்தை மண் உறிஞ்சிக்கொள்கிறது.

பாலிதீன் பை காற்றை அடைக்கிறது, ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அதனால்தான் அதில் கட்டிவைத்த கீரை வியர்த்து அழுகுகிறது. பழுத்த ஆப்பிளுக்கு அருகில் வைத்த காய்கறி விரைவில் மஞ்சளாவதற்கு ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு காரணம். ஆப்பிள் இவ்வாயுவை உண்டாக்குவதை 1934-இல் கேன் என்பவர் மெய்ப்பித்தார். குளிர்பதனப் பெட்டி வைத்திருப்போரும் இவ்விரண்டையும் மறப்பதற்கில்லை.

ஷமாலி உழவனுக்குக் கங்கினா வெறும் சுவைப் பொருள் அன்று. இலையுதிர் காலத்தில் எல்லாத் தோட்டமும் ஒருசேரக் காய்க்கிறது, விலை சரிகிறது. கொஞ்சம் திராட்சையை வசந்தம் வரை வைத்திருக்க முடிந்தவன் நல்ல விலை பெறுகிறான். ஆனால் திராட்சைக் கொடி ஓராண்டுப் பயிர் அன்று. 1980-களின் போரில் அச்சமவெளி குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1999-இல் தாலிபான் படையினர் வீடுகளையும் தோட்டங்களையும் எரித்தனர். மக்கள் ஊர் ஊராக வெளியேறினர். கொடி எரிந்தால் அதனோடு கிண்ணமும் வேலையற்றுப் போகிறது. அகதி முகாமில் வளரும் பிள்ளைக்கு மண்ணின் பதத்தைக் கைப்பிடித்துக் காட்ட ஒரு தோட்டம் இல்லை.

2001-க்குப் பின் பலர் திரும்பிவந்து மீண்டும் கொடி நட்டனர். நவ்ரோஸ் நாட்களில் காபூல் கடைத்தெருவில் மண் கிண்ணங்களும் மறுபடி தோன்றின. வாங்குவோர் எதிரில் வியாபாரி மேல் மண்ணைத் தட்டி உடைக்கிறார். சென்ற ஆண்டின் திராட்சை கொத்தோடு வெளியே வருகிறது.