வேடன் வில்லும் தூரக்கண்ணாடியும்

கல், ஈட்டி, அம்பு, குண்டு என்று வேட்டைக் கருவிகள் வளர்ந்த முறையை நோக்கினால், மனிதன் விலங்கைவிட்டு மேலும் மேலும் விலகி நின்று கொல்லக் கற்ற வரலாறாகவே அது தோன்றும். துப்பாக்கிக்கு இக்கூற்று முற்றும் பொருந்தும். வில்லுக்கோ பாதியே பொருந்தும். வில்லேந்தியவன் விலங்கின் அருகே சென்றாக வேண்டும். அவன் பழகிய கலையுள் பெரும்பகுதி அம்பு விடுவதில் இல்லை, நெருங்குவதிலேயே உள்ளது.

இக்காலத்தில் வில்வேட்டையை விரும்புவோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் கையில் அடங்கும் சிறு இருகண் தூரக்கண்ணாடி ஒன்றையும் உடன் கொண்டு செல்கின்றனர். பைனாகுலர் என்று வழங்கும் இக்கருவியில் வில்லாளனுக்கு ஏற்றது எது என்னும் வினா, கடைக்காரர் விடை கூறும் சிறு வினாப் போலத் தோன்றும். ஆனால் அதன் விடை வில்லின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

கெடாக் காட்டு வில்லாளர்

கெடாவின் தலைநகராகிய அலோர் ஸ்டார் நெல்வயல்களின் நடுவே அமைந்த நகரம். அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் வயல்கள் மறைந்து ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும்; தோட்டங்களுக்கு அப்பால் பாலிங் வட்டாரத்து மலைகள் எழும். அம்மலைகளின் அடியில், உலு லெகோங் பகுதியில், கென்சியு என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் செமாங் எனப்படும் பெருங்குழுவைச் சேர்ந்தோர். இவர்களுடைய மொழி மலாய் மொழிக்கு இனமானதன்று; கெமர், மோன் முதலிய மொழிகள் அடங்கிய ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று கெடாவில் அதனைப் பேசுவோர் சில நூற்றுவரே.

மலாயாவின் பழங்குடியினரைப் பற்றி ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் 1906இல் இரு தொகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டனர். செமாங் மக்களுக்குரிய சிறப்பான படைக்கலம் வில் என்பது அந்நூல் தரும் செய்தி. இபோ மரத்தின் நச்சுப்பாலை அம்பு முனையில் தடவுவது அவர்கள் வழக்கம். ஈப்போ மாநகரம் பெயர் பெற்றதும் இம்மரத்தாலேயே. பின்னர் வந்த ஷெபெஸ்தா, ஈவன்ஸ் முதலிய ஆய்வாளரின் காலத்தில் வில் அருகி, மலாய் மொழியில் சும்பித்தான் எனப்படும் ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று செமாங் மக்களின் வில்லைக் காண வேண்டின் அரும்பொருட் காட்சியகத்தையே நாட வேண்டும்.

மழைக்காட்டில் நிற்பவன் கண்ணுக்குச் சில பத்து மீட்டருக்கு மேல் எதுவும் தெளிவாகப் புலப்படுவதில்லை. மரங்களின் உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே தரையை அடைகிறது. இத்தகைய காட்டில் வேட்டையாடியவர்கள் அடிச்சுவட்டாலும், கடித்த இலையாலும், மணத்தாலும், ஓசையாலும் விலங்கை அறிந்தனர். அவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. காடே பாடமாக இருந்தது.

தமிழர் கண்ட வில்

தமிழிலக்கியத்திலும் வில் அண்மையின் கருவியாகவே காணப்படுகிறது. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியதாக வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாடல். புலவர் வியப்பது அம்பு சென்ற தொலைவை அன்று. அதன் வலிமையையே என்பது கருதத்தக்கது. பெரிய புராணத்தில் திண்ணனார் வலையறுத்தோடிய பன்றியை நாணனும் காடனும் உடன்வரத் துரத்துகிறார். அது களைத்து மரநிழலில் நின்றபோது, கையில் வில் இருந்தும் அம்பெய்யாமல், நெருங்கிச் சுரிகையால் வெட்டி வீழ்த்துகிறார். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங்களில் இதணம் என்றும் பரண் என்றும் அழைக்கப்பட்ட உயர்ந்த காவல் மேடைகள் இருந்தன. இன்றைய வில்வேட்டைக்காரர் மரத்தில் கட்டி அமரும் மேடையும் அப்பரணின் உறவே.

வில்லைப் பற்றிய மற்றோர் உண்மையையும் நம் முன்னோர் கூறிச் சென்றனர். தசரதன் இருளில் நீர் மொள்ளும் ஓசை கேட்டு, யானை நீர் உண்கிறது என்று எண்ணி அம்பு விட்டான். வீழ்ந்தவன் கண்ணற்ற பெற்றோருக்கு நீர் எடுக்க வந்த சிறுவன். மகாபாரதத்தின் இறுதியில் சரன் என்னும் வேடன், யோகத்தில் இருந்த கண்ணனை மான் என்று மயங்கி எய்கிறான். ஓர் அம்பினால் அயோத்தி தன் மன்னனை இழந்தது. மற்றோர் அம்பினால் ஓர் அவதாரமே முடிந்தது. இரண்டிலும் குறி தவறவில்லை, கையும் தவறவில்லை. தவறியது காட்சி ஒன்றே. எய்தவன், எய்யுமுன் காணவில்லை.

வில்லாளனுக்குக் கண்ணாடி எதற்கு என்னும் வினாவுக்கு இவ்விரு கதைகளே விடை.

இரு கண்ணுக்கு ஒரு கருவி

தூரக்கண்ணாடி பிறந்த கதை 1608இல் நெதர்லாந்தில் தொடங்குகிறது. மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடித் தொழிலாளராகிய ஹான்ஸ் லிப்பர்ஷே, தொலைவிலுள்ளதை அருகே காட்டும் குழல் ஒன்றுக்கு அவ்வாண்டு காப்புரிமை கோரினார். அரசவையினர் அக்கருவியை இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்து தருக என்று அவரைக் கேட்டனர். அவரும் செய்து கொடுத்தார். ஆதலின் ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் ஏறத்தாழ உடன்பிறந்தவை எனலாம். மறு ஆண்டில் கலிலியோ அக்கருவியை வானத்தை நோக்கித் திருப்பினார். பாரசீகர் இதனைத் தூரத்தைக் காண்பது என்னும் பொருளில் தூர்பீன் என்றனர். மலாய் மக்கள் தெரோப்போங் என்கின்றனர். தமிழில் தூரக்கண்ணாடி, தொலைநோக்கி என்னும் பெயர்கள் வழங்குகின்றன.

பழைய குழல்களில் இரு குறைகள் இருந்தன. உருப்பெருக்கம் மிகுந்தால் குழல் நீண்டது. குழல் குறுகினால் பார்வைப்புலம் ஒடுங்கியது. 1854இல் இத்தாலியராகிய இக்னாசியோ போர்ரோ, முப்பட்டகக் கண்ணாடிகளால் ஒளியின் பாதையை மடக்கிவிடும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நீண்ட பாதை சிறு பெட்டிக்குள் அடங்கியது. தலைகீழாக விழும் உருவமும் நிமிர்ந்தது. ஆயினும் அதற்கேற்ற தூய கண்ணாடி அக்காலத்தில் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் ஜேனா நகரில் ஒட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கியெடுத்த பின்னரே எர்ன்ஸ்ட் ஆபே அதனை நிறைவேற்றினார். 1894இல் சைஸ் நிறுவனத்தின் இருகண் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

மற்றொரு குறை ஒளியிழப்பு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935இல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா இவ்விழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்தார். இன்றைய சிறு கண்ணாடி பழைய பெருங்கண்ணாடியோடு போட்டியிட முடிவது இப்பூச்சின் பயனே.

வில் மீண்ட கதை

மேலை நாட்டார் வில்வேட்டையை மறந்து துப்பாக்கிக்கு மாறியிருந்த காலத்தில், அக்கலையை மீட்டுத் தந்தவர் ஒரு பழங்குடியினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் யாஹி குலத்தின் கடைசி மனிதராகிய இஷி 1911இல் காட்டைவிட்டு வெளிவந்தார். அவருக்கு மருத்துவம் செய்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி காசநோயால் மறைந்தார். 1923இல் போப் வில்வேட்டை பற்றி எழுதிய நூல் பலரை அக்கலைக்கு ஈர்த்தது. பின்னர் ஆலன் என்பவர் உருளைகள் பொருத்திய கூட்டுவில்லுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். கெடாக் காட்டில் வில் அருகியதையும், கலிபோர்னியாவில் அது மீண்டதையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒரு குலத்தின் அறிவைக் கேட்டறிய ஒருவர் இருந்தால் அது பிழைக்கிறது. இல்லையேல் வில்லோடு சேர்ந்து சொல்லும் மறைகிறது.

கூட்டுவில் எவ்வளவு விரைவாக எய்தாலும் அண்மை என்னும் விதி மாறவில்லை. அதன் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் செல்லும். ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் செல்லும். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானுக்கு நாணொலி அம்புக்கு முன்னரே எட்டிவிடும். அம்பு வந்து சேர்வதற்குள் மான் திடுக்கிட்டு அசையும். உயிர்நிலையில் படவேண்டியது வயிற்றில் படும். ஆதலால் பொறுப்புள்ள வில்லாளர் 20 முதல் 40 மீட்டருக்குள்ளேயே எய்கின்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

இதனால் கண்ணாடி தேர்வோர் பெருக்கத்தை நாடி ஏமாறலாகாது என்பது தெளிவு. கருவியின் மீது 8x25 என்று எழுதியிருந்தால், முதல் எண் உருப்பெருக்கத்தையும் இரண்டாம் எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். எட்டு மடங்குக் கண்ணாடியில் 80 மீட்டர் தொலைவிலுள்ள விலங்கு 10 மீட்டரில் நிற்பதுபோல் தோன்றும். வில்லாளனுக்கு அதுவே மிகுதி. பத்து மடங்கிலும் அதற்கு மேலும் கைநடுக்கமும் பெருகும். பார்வைப்புலமும் பெரும்பாலும் குறுகும்.

இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x25இல் அது 3 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும், 8x32இல் 4, 10x25இல் 2.5 மட்டுமே. நண்பகலில் மனிதனின் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டரே திறந்திருப்பதால் வேற்றுமை தெரியாது. விலங்குகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் கண்மணி விரியும். அப்போது சிறுவட்டம் இருட்டாகிவிடும். கெடாவில் அந்தியொளி ஏறத்தாழ 20 நிமிடமே நிற்கும் என்பதையும், மரநிழலில் அது இன்னும் விரைவில் மறையும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆதலின் சட்டைப்பையில் அடங்குவது வேண்டுமெனில் 8x25. மார்பில் சற்றுக் கூடுதல் எடையைத் தாங்க முடியுமெனில் 8x32 சிறந்தது.

வில் இரு கைகளையும் கொள்வது. எனவே கண்ணாடி ஒரு கையால் ஓசையின்றி எடுக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். கழுத்தில் தொங்கி ஆடும் கண்ணாடியில் நாண் சிக்கினால் அம்பு வழிமாறும். மார்போடு இறுகக் கட்டும் வார்ப்பட்டை இதனைத் தடுக்கும். இரண்டு மூன்று மீட்டர் அண்மையிலிருந்தே குவியும் கண்ணாடி புதர்க்காட்டிற்கு ஏற்றது. முன்னிலைகளைத் தெளிவற்றதாக்கிப் பின்னிற்கும் காதையும் கொம்பையும் பிரித்துக் காட்டுவது அதன் பணி. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுப்புலமும் தெரியும் வகையைத் தேர்தல் நன்று. நம் நாட்டு ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியை வாங்கி, வீட்டில் ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

எய்யாதிருக்கும் உரிமை

இவை யாவும் எய்வதற்கு உதவுவன போலத் தோன்றினும், கண்ணாடியின் தலையாய பணி எய்யாதிருக்கச் செய்வதே. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். பெண்விலங்கையும் குட்டியையும் கொல்வதை அச்சட்டம் தனியே கடுமையாகக் கருதுகிறது. பழங்குடியினர் தம் உணவுக்காக மட்டும் குறித்த சில விலங்குகளை வேட்டையாட அது இடமளிக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு இன்னும் கடுமையான தடைகளை விதித்துள்ளது. பிணையா, கலையா, உடன் குட்டி உண்டா, அசைவது விலங்கா அன்றி மனிதனா என்பதை நாணை இழுக்குமுன் அறிவிப்பது அச்சிறு கருவியே. தசரதனுக்குக் கிட்டாத அந்த ஒரு நொடியை அது தருகிறது.

வில்லைத் தொடவே விரும்பாதவருக்கும் அதே கண்ணாடி பயன்படும். பெடு, மூடா அணைகளுக்கு நீர் தரும் உலு மூடா காட்டில் இருவாட்சிப் பறவைகள் வாழ்கின்றன. அவற்றைக் காண வேண்டுவதும் அதே எட்டு மடங்கு, அதே அந்தியொளி, அதே பொறுமை. குறிஞ்சித்திணையை ஏட்டில் மட்டும் பயிலும் மாணவர் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டோரம் நிறுத்தினால், இதணம் என்னும் சொல் அவர்களுக்கு அகராதிச் சொல்லாக நின்றுவிடாது; உயர நின்று காத்திருந்து காண்பது எத்தகைய தொழில் என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கற்பர்.