நிழற்படத்தில் ஓர் ஈ

மலாய் மொழியில் பினாங்கு என்னும் சொல் பாக்கைக் குறிப்பதாகும். எனவே, ஜார்ஜ் டவுன் நகரினூடே ஓடிக் கடலிற் கலக்கும் சுங்கை பினாங்கைத் தமிழிற் பாக்காறு எனலாம். பெயரின் பொருளை அறியுங்கால் அப்பொருளோடு நமக்கு உறவு பிறக்கின்றது. அவ்வாற்றங்கரை வீடொன்றின் சன்னலில் வந்தமர்ந்த, இதுவரை கண்டறியாத ஈயை மாணவன் ஒருவன் கைப்பேசியிற் படம்பிடித்து, "இதன் பெயர் யாது?" என்று வினவுவானாயின், ஆசிரியர் என்ன விடை கூறுவார்? வினா சிறிது, விடையோ நெடிய வரலாறு உடையது.

சிற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கி வகைப்படுத்துதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்துத் தும்பியை நாலறிவு உயிராக வைத்தது. சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு எனச் சங்கப் புலவர் பெயர் பல வழங்கினர். இன்றைய அறிவியலோ சிறகுகளை எண்ணித் தொடங்குகின்றது. பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிறகு நான்கு. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே. பின்னிரு சிறகுகள் பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு குமிழ்களாகச் சுருங்கிவிட்டன. படத்தில் முதற்கண் நோக்கத்தக்கது இதுவே.

படம் வழியே புதிய இனம் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று மலேசியாவிலேயே நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டிற் சிலாங்கூர்க் காட்டில் குயெக் ஹோக் பிங் என்னும் நிழற்படக் கலைஞர், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டார். அது நாற்சிறகுடையது, ஈயினத்தைச் சேர்ந்ததன்று. கலிபோர்னியாவிற் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அப்படத்தைக் கண்டு, சிறகின் கருவரிகள் தாம் அறிந்த எவ்வினத்தோடும் பொருந்தாமை உணர்ந்தார். ஆயினும் அவர் உடனே பெயரிட்டுவிடவில்லை. கலைஞர் மீண்டும் காடு சென்று பூச்சியைப் பிடிக்கும்வரை காத்திருந்தார். அது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து அறிஞர் ஸ்டீபன் புரூக்சிடம் சேர்ந்து, புதிய இனமென உறுதியாயிற்று. 2012இல் மூவரும் கூடி அதனை உலகுக்கு அறிவித்தனர். விண்டர்டனின் மகள் பெயரால் அஃது 'செமாகிரைசா ஜேட்' எனப் பெயர் பெற்றது.

2015இல் மார்ஷல், எவன்ஹியூஸ் என்னும் அறிஞர் இருவர் மேலும் ஓரடி சென்றனர். பெருவண்டின் தோற்றமுடைய தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்கு, உடல் கையிற் கிட்டாமலே, நிழற்படங்களை மட்டும் சான்றாகக் கொண்டு பெயரிட்டனர். பூச்சியைக் கொல்லாமலே அறிவு வளரலாம் என்றனர் சிலர். படத்தை எதிர்காலத்தில் எங்ஙனம் மறுஆய்வு செய்வது என்று வினவி, அடுத்த ஆண்டில் அறிஞர் நானூற்றுவர்க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பறிக்கை வெளியிட்டனர்.

உடலே கையில் இருப்பினும் பிழை நேர்தல் உண்டு என்பதற்குப் பழ ஈக்களே சான்று. 1994இல், தோற்றத்திற் காணப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு, மலேசியப் பப்பாளி ஈ தனியினமாகப் பிரிக்கப்பட்டது. 1995இல் அவ்வீ ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் புகுந்தமை கண்டறியப்பட்டது. பழ வணிகம் தடைப்பட்டு உழவர் துன்புற்றனர். அதனை முற்றாக ஒழிக்க நான்காண்டுகள் ஆயின. பின்னர்ப் பல நாட்டு அறிஞர் மரபணு, இனச்சேர்க்கை, உடல்மணம் அனைத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அது முன்பே அறியப்பட்ட கீழைநாட்டுப் பழ ஈயே என 2014இல் முடிவு செய்தனர். நட்சத்திரப்பழ ஈ மட்டும் தனியினமாகவே நின்றது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திற் பழ ஈக்களை நெடுங்காலம் ஆராய்ந்த டான் கெங் ஹோங் அவ்வறிஞர் குழுவில் ஒருவராவார். ஓர் ஈயின் பெயர், எந்நாட்டுப் பழம் எந்நாட்டுச் சந்தையில் நுழையலாம் என்பதையே தீர்மானிக்க வல்லது. ஆதலின் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. உழவரின் வாழ்வோடு பிணைந்ததாகும்.

சுங்கை பினாங் மாணவனுக்கு ஆசிரியர் கூறத்தக்க விடை இனி விளங்கும். சிறகை எண்ணுக, மேலும் கீழும் பக்கமுமாகப் படமெடுக்க, இடமும் நாளும் குறித்து வைக்க. பெயர் உறுதிப்படாவிடின் "அறியேன்" என்று எழுதுக. விண்டர்டன் ஓராண்டு காத்திருந்ததும் அச்சொல்லின் துணைகொண்டே. அறியாமையை ஒப்புவோனுக்கே அறிவின் வாயில் திறக்கும்.