பல இன நாய்கள் வளர்ப்பவரிடம் குட்டி வாங்குமுன்

இடம்பெயர்ந்தபோது எங்கள் நாயை வன்னியில் விட்டுவிட்டு வந்தோம். மீள்குடியேறிய பின் காவலுக்கென வாங்கிய ஜேர்மன் ஷெப்பேர்ட் குட்டி, இரண்டு வயதுக்குள் இடுப்பு மூட்டுக் கோளாறால் எழும்ப முடியாமல் போனது. விற்றவர் மூன்று இனங்கள் வைத்திருந்தார். ஒன்றுக்கும் பரிசோதனை செய்திருக்கவில்லை.

பல இனங்கள் வைத்திருப்பது பிழையல்ல. ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் பரம்பரை நோய் வேறு. ஜேர்மன் ஷெப்பேர்ட்டுக்கு இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே வேண்டும். லப்ரடோருக்கு அவற்றுடன் கண் பரிசோதனை. டோபர்மானுக்கு இதயப் பரிசோதனை. பொறுப்பானவர் தாய், தந்தை இரண்டையும் பரிசோதித்த பின்னரே இணை சேர்ப்பார். தாயைக் காட்டுவார். 8 வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கமாட்டார். வளர்க்க முடியாமற்போனால் திருப்பி எடுப்பார்.

இவற்றைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். இன்னொரு நாயை இழக்கும் வேதனை நமக்கு வேண்டாம்.