மிதிவண்டி எளியோர் ஊர்தியான வரலாறு

தமிழகத்தில் மிதிவண்டியின் வரலாறு, அது எந்த ஆண்டில் வந்தது என்பதைக் காட்டிலும், யார் யார் கைக்கு எந்த வரிசையில் சென்று சேர்ந்தது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியும், 1888-இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் இணைந்த பிறகே மிதிவண்டி அன்றாடப் பயணத்துக்கு ஏற்றதாயிற்று. எனினும் விடுதலைக்கு முன்னர் இங்கு ஓடியவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்து இறக்குமதியானவை என்பதால், நிலையான வருவாய் உடையோர்க்கே அவற்றை வாங்க இயன்றது.

1949-இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் வண்டிகளைத் தயாரிக்க முற்பட்டது இந்நிலையை மாற்றியது. கனமான எஃகுச் சட்டமும், 28 அங்குலச் சக்கரங்களும், கேபிளுக்குப் பதிலாக உலோகத் தண்டுகளால் இயங்கும் பிரேக்கும் கொண்ட 'ரோட்ஸ்டர்' வகை வண்டி, மண் சாலையைத் தாங்கியதோடு கேரியரில் பால் கேனையும் நெல் மூட்டையையும் சுமந்தது. சொந்தமாக வாங்க இயலாதோர்க்கு, மணிக்கணக்கில் வண்டி தரும் வாடகை சைக்கிள் கடைகள் ஊர்தோறும் துணைநின்றன. இருக்கை எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்து மிதிக்கும் 'குரங்குப் பெடல்' முறையில் ஓட்டக் கற்றதும் பெரும்பாலும் இவ்வண்டிகளிலேயே ஆகும்.

ஆயினும் கிராமப்புறப் பெண்களுக்கு மிதிவண்டி நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், முழு எழுத்தறிவை நோக்கமாகக் கொண்ட அறிவொளி இயக்கம், மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. பேருந்து அரிதான ஊர்களில் பாடம் நடத்தச் செல்லும் பெண் தொண்டர்க்கும், கல்குவாரிக்கும் வயலுக்கும் நடந்தே சென்ற தொழிலாளர்க்கும் அதன் பயன் விரைவில் விளங்கியதால், பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஏளனங்களைப் பொருட்படுத்தாது கற்றனர். மகளிர்க்கான வண்டிகள் கடைகளில் போதாதபோது அவர்கள் ஆண்களுக்கான வண்டிகளையே வாங்கினர் என்பதும், குழந்தையை அமர்த்த உதவும் குறுக்குப் பாருக்காகக் கூலித் தொழிலாளர் பலர் அவற்றையே விரும்பினர் என்பதும், மிதிவண்டிக்கான தேவை அழகிலிருந்தன்றி உழைப்பிலிருந்தே பிறந்தது என்பதற்குத் தக்க சான்றாகும்.

பின்னர் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, சில ஆண்டுகளில் அத்திட்டத்தைப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கியதால், தொலைவு காரணமாகப் படிப்பு நிற்கும் நிலையைத் தடுக்க ஒரு வழி பிறந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. அதே கணக்கெடுப்பில் இருசக்கர மோட்டார் வண்டி வைத்திருந்தவை நூற்றுக்கு 21 குடும்பங்களே. எனவே மிதிவண்டியைக் கடந்த காலத்தின் எச்சமாகக் கருதாமல், அதை ஓட்டிச் செல்வோர்க்குச் சாலையில் பாதுகாப்பான இடம் ஒதுக்குவது அரசுகளின் கடமையாகும்.