சுராங்கனி ஏறி வந்த 70 வளைவுகள்

 

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "உன் இன்ஜினியரிங் அனுபவத்தை எழுதேன்" என்றார். கான்கிரீட்டையும் கம்பியையும் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே நம் எல்லா பேட்ச்சுக்கும் தெரிந்த ஒரு பாட்டின் சரித்திரத்தை எழுதுகிறேன். டூர் பஸ் கேட்டைத் தாண்டியதும் பின்சீட்டில் யாராவது ஆரம்பித்து வைப்பார்களே, அந்த 'சுராங்கனி'தான்!

கொல்லிமலை டூர் போனவர்களுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும். காரவள்ளி அடிவாரத்தில் ஏற்றம் தொடங்கினால் சோளக்காடு சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவிலேயே பாதிப் பேருக்கு வயிறு புரட்டும். எலுமிச்சம்பழம் கைமாறும். அந்த நேரத்தில் கர்நாடக சங்கீதமா பாட முடியும்? ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் வளம் தேவையில்லை. ஜன்னல் கம்பியும் டிபன் பாக்ஸும்தான் வாத்தியம். இதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருப்பது இந்தப் பாட்டு.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1505-ல் போர்த்துக்கீசியர்கள் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. அவர்களின் ஆட்டப்பாட்டும், அவர்களோடு வந்து சேர்ந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து பிறந்ததுதான் 'பைலா'. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை மாதிரி, மூன்று மூன்றாகத் துள்ளும். பல தலைமுறைகள் கல்யாண வீட்டிலும் விருந்திலும் கிடந்த இந்த ஆட்டத்தை, 1940களில் சிங்கள மேடைப்பாட்டாக்கிப் பிரபலப்படுத்தியவர் வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர்.

இப்படிக் கடல் தாண்டி வந்த தாளத்தைத் தனதாக்கிக் கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. 1979-ல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ஒரு பாப் பாட்டு 'மெசேஜ் இன் எ பாட்டில்'. பாடிய குழு, 'நியூ வேவ்' என்று அப்போது சொல்லப்பட்ட புதிய அலையைச் சேர்ந்தது. அவர்கள் தங்கள் பாட்டுகளில் கலந்துகொண்டது ஜமைக்காவின் ரெகே தாளத்தை. 1980-ல் பம்பாய்க்கே வந்து கச்சேரி செய்துவிட்டுப் போனார்கள். குழுவின் பெயர் 'தி போலீஸ்'! பெயரில் போலீஸ் அங்கே. நிஜப் போலீஸ் இலங்கையில்.

சரி, நம் பாட்டுக்கு வருவோம். 1960களின் கடைசியிலும் 70களிலும் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிடாரை எடுத்துத் 'துள்ளிசை' பாடத் தொடங்கினார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஒரு பக்கம் கலக்கியது. இன்னொரு பக்கம் ஏ.ஈ. மனோகரன் என்ற 'சிலோன் மனோகர்' பாடிய 'சுராங்கனி'. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைச் சேர்த்தார். சிங்களப் பல்லவியோடு தமிழ் வரிகள், பாடியவர் மலேசியா வாசுதேவன். சிலோன்காரர் பாட்டை மலேசியாக்காரர் பாட, தமிழ்நாடு முழுக்கக் கைதட்டியது. சிலோன் ரேடியோவைக் கேட்டே வளர்ந்த நம் அப்பா அம்மாக்களுக்கு அந்த வாடை புதிதல்ல.

ஆறு வருஷம் கழித்து, 1983 ஜூலையில், இலங்கையில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கைகோத்து ஆடிய நாட்டில் 2009 வரை யுத்தம். மனோகரன் தமிழ்நாட்டில் சினிமாவிலும் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அகதி முகாமிலிருந்து வந்து எங்களோடு படித்த நண்பன் ஒருவன் இருந்தான். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்த குடும்பம். அப்போது அவன் கைக்குழந்தை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கொல்லிமலைக்கே வந்தான். நாங்கள் தொண்டை கிழியப் பாடினோம். அவன் மெதுவாகச் சொன்னான்: "மாலுன்னா சிங்களத்துல மீன்டா. சுராங்கனிக்கு மீன் கொண்டாந்திருக்கேன்னு ஒருத்தன் பாடுறான். எங்க அம்மம்மா சொல்லுவாங்க." பஸ்ஸில் யாருக்கும் அதற்கு முன்பு அர்த்தம் தெரியாது, அர்த்தம் கேட்கவும் தோன்றியதில்லை. அவனுக்கோ அது கைவிட்டு வந்த கரையின் பாட்டு.

2021-ல் தமிழக அரசு அகதி முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது, அவனுக்குக் குடியுரிமை இன்னும் வரவில்லை. டிகிரி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. நம் பேட்ச்சில் எத்தனை பேர் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், இதன் கனம் புரியும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார்: அவன் அள்ளிக் கொடுத்ததில் வயிறு நிறைந்த பாணர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்களாம்! நம் கதை தலைகீழ். நாம் பாட்டை விடாமல் வைத்துக் கொண்டு பாடியவரையும், அவர் மண்ணையும் மறந்துவிட்டோம்.

தம்பி தங்கைகளே, அடுத்த டூரிலும் தாராளமாகப் பாடுங்கள், அது சந்தோஷத்துக்காகப் பிறந்த பாட்டுதான். ஆனால் பாடி முடித்ததும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "இது சிலோன் மனோகர் பாட்டு, மாலுன்னா மீன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலும் முகாமிலிருந்து ஒருவர் வந்திருக்கலாம். அவரிடம் அவர் ஊர்க்கதையைக் கேளுங்கள்.

இந்த ஆண்டு சந்திப்புக்கு என் நண்பன் வருகிறான். மாலைக் கலைநிகழ்ச்சியில் முதல் வரியை அவன்தான் எடுத்துக் கொடுக்கப் போகிறான். திருப்பிச் சொல்ல எல்லோரும் வந்துவிடுங்கள்!