பிராடி செய்த அலமாரி

எடின்பரோ நகரில் வில்லியம் பிராடி என்று ஒரு தச்சர் இருந்தார். தச்சர் சங்கத் தலைவர், நகர மன்ற உறுப்பினர். வசதியானவர்கள் வீடுகளில் அலமாரி செய்வார், பூட்டுப் பழுது பார்ப்பார். வேலைக்குப் போன இடத்தில் சாவியை அச்செடுத்து வந்து, கள்ளச்சாவி போட்டு, ராத்திரியில் திருடுவார். சூதாட்டப் பழக்கம் வேறு. 1788-இல் கலால் அலுவலகத்தில் கை வைத்தார். கிடைத்தது 16 பவுண்டு சொச்சம்தான். ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடியவரைப் பிடித்து வந்து அக்டோபர் 1-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள்.

அவர் செய்த அலமாரி ஒன்று, பிற்காலத்தில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சிறுவயதில் படுத்த அறையில் நின்றது. வளர்ந்தபின் ஸ்டீவன்சன், ஹென்லி என்ற நண்பருடன் சேர்ந்து பிராடியைப் பற்றி நாடகமே எழுதினார். 1886-இல் வந்தது ஜெக்கில் - ஹைட் கதை.

ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நிதானமாகப் படித்தால் அப்படியில்லை. ஹைட் முழுக் கெட்டவன், சரி. ஜெக்கில் முழு நல்லவர் அல்ல. பெயர் கெடாமல் ஆசைகளைத் தீர்த்துக்கொள்ள வழி தேடியவர். மருந்தைக் காய்ச்சியதும் குடித்ததும் அவரேதானே! பிராடிக்கு அந்த மருந்துகூடத் தேவைப்படவில்லை.

அலமாரி இப்போது எடின்பரோவில், எழுத்தாளர்களுக்கான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.